இருநூறு சென்டிமீட்டர்

வேர் கழுவுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் வந்து கழுவிப் பார்க்கட்டும். தை மாதம், காலை எட்டு மணி, முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள். இரும்புக் குழாயை வயலில் அடித்து இறக்கி, உருவியெடுத்த மண் தண்டைத் தொட்டியில் ஊறவைத்து, சல்லடை மேல் கிடத்தி, விரல் நுனியால் தடவித் தடவி மண்ணைக் கரைக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் வேர் அறுந்துவிடும். கரிசல் மண்ணோ, சனியன், பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு விடாது. பொன்மாரி அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருசமாக இதைத்தான் செய்கிறாள். வயது ஐம்பத்து மூன்று. விரல் மூட்டு வீங்கி, மோதிரம் கழற்றி எத்தனையோ காலமாகிறது.

அன்றைக்கு மூன்றாவது தண்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி கோமதி.

"மதினி, இன்னைக்கும் லாரித் தண்ணி நமக்கு இல்லைன்னுட்டாக. குடத்தைத் தூக்கி ஓரமா வச்சிட்டாக மதினி. பிள்ளைக்குக் காய்ச்சல். நான் நாலு மைல் நடந்து போயி ஒரு குடம் வாங்கிட்டு வந்தேன்."

"தவசி என்ன சொல்லுதான்?"

"உங்க தம்பி என்னைக்குப் பேசியிருக்காரு? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. வெள்ளிக்கிழமை தண்ணி அதிகாரி விசாரணைக்கு வாறாராம். நம்ம போரை வச்சுத்தான் ஊருக் கிணறு வத்திச்சுன்னு எழுதிட்டா, இந்தக் கோடை முழுக்க நமக்கு முறையே கிடையாதாம். நீங்க வாங்க மதினி. நீங்க படிச்ச இடத்துல வேலை பாக்குறவுக."

படித்த இடத்தில் வேலை பார்க்கிறவள்! பொன்மாரிக்குச் சிரிப்புகூட வரவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாறேன்" என்றாள்.

ஊர் வெள்ளைக்கரடு. சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான்; அந்த ஊரில் மட்டும் ஒரே ஒரு நல்ல தண்ணிக் கிணறு. முப்பது அடி. பொன்மாரி பிறந்ததிலிருந்து அது வற்றியதில்லை. போன வருசம் பங்குனியில் சேறாயிற்று. இந்த வருசம் தையிலேயே தரை தெரிந்துவிட்டது. ஊருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆறு வருசத்துக்கு முன்னால் தவசி தன் புஞ்சையில் ஒரு போர் போட்டிருந்தான். நூற்றிருபது அடியில் உப்பாகக் கொட்டியது. ஆடுகூட வாய் வைக்கவில்லை. அதன் மேல் ஒரு ஆட்டுரலைக் கவிழ்த்துவிட்டு மறந்து போனான். ஊர் மறக்கவில்லை.

இதற்கு நடுவே கோதுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடக்கே வெயில் கோதுமை நிலத்தையெல்லாம் சுட்டுத் தின்ற பிறகு, ஒன்பது வருசத்துக்கு முன்னால், இந்த நிலையத்தில்தான் 'கரிசல்-4' வந்தது. ஐப்பசி மழை ஈரத்தில் விதைத்துவிட்டு மாசிக் கடைசியில் போய் அறுக்க வேண்டியதுதான். நடுவில் ஒரு சொட்டு ஊற்ற வேண்டாம். சனங்கள் அதைத் தண்ணி கேக்காத கோதுமை என்றார்கள். பருத்தியும் உளுந்தும் போட்டு நொந்துபோன ஊர்களில் முதல் தடவையாக வீட்டில் மூட்டை அடுக்கினார்கள். தீப்பெட்டி ஆபீசுக்கும் திருப்பூருக்கும் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வெள்ளைக்கரட்டில் ஒரு வீடு பாக்கியில்லாமல் அதைத்தான் விதைத்தது.

வியாழக்கிழமை காலை பொன்மாரி ஊருக்குப் போய் இறங்கியதும் நேரே கிணற்றடிக்கு நடந்தாள். தவசி பின்னாலேயே வந்தான்.

"யக்கா, இந்த வயசுல கிணத்துக்குள்ள இறங்கப் போறியா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"வாயை மூடிக்கிட்டுக் கயித்தைப் பிடி."

படிக்கல் ஒவ்வொன்றாக இறங்கினாள். மூட்டு ஒவ்வொன்றும் கத்தியது. மேலே கருமண், பிறகு மஞ்சள், பத்தடியில் வெள்ளை வெளேரென்று சுக்கான் பாறை. கடப்பாரை போட்டாலே நெருப்புப் பறக்கும் பாறை அது. அதைத் தாண்டி இருபத்து நாலாவது அடியில், ஊற்றுக்கண் இருந்த சரளை வரிசையில், சுவரைச் சுற்றி நரைத்த தாடி மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது.

"கருவேல வேருக்கா அது. சீமைக்கருவேலம்" என்று மேலேயிருந்து தவசி கத்தினான். "எல்லாருக்கும் தெரியும்."

பொன்மாரி கையை நீட்டினாள். ஒரு வேரைப் பிடித்து விரலால் உருவினாள். கருவேல வேர் கட்டையாக இருக்கும், சிவப்புப் பட்டை இருக்கும். இது நூல். நூலைச் சுற்றி மண் துகள் சட்டை போட்டது போல ஒட்டியிருந்தது, உதறினாலும் உதிரவில்லை. இந்தச் சட்டையைக் கழற்றத்தானே இருபத்திரண்டு வருசமாகத் தண்ணீரில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள்? கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவாள். கோதுமை வேர்.

அதைவிட இன்னொன்றைப் பார்த்தாள். வேரின் நுனி. மஞ்சளாக, வழவழப்பாக, சின்னத் தொப்பி போட்ட நுனி. கரிசல்-4 வேரின் நுனியை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒன்பது வருசத்தில், ஆயிரக்கணக்கான வேரில், ஒன்றில்கூட நுனி இருந்ததில்லை. படிக்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யக்கா! என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. இரு, வாறேன்."

ஒன்றுமில்லையாம். அவளுக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் இருக்கிறது. கரிசல்-4-இன் முதல் தண்டு. சாதாரணக் கோதுமை நூற்றிருபது சென்டிமீட்டரில் நின்றுவிடும், நுனி தெரியும். இது குழாயின் அடிவரைக்கும் வந்திருந்தது. குழாயின் நீளம் இருநூறு. அடியில் ஒவ்வொரு வேரும் கத்தரித்தது போல மொட்டையாக இருந்தது. அறுந்த வேர் என்று யாருக்கும் தெரியும், கழுவுகிறவளுக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு இன்னும் நாற்பத்தெட்டு தண்டு பாக்கி. கை மரத்துவிட்டது. படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: வேர் ஆழம். "எவ்வளவும்மா?" என்று கேட்டார் அப்போதிருந்த விஞ்ஞானி ரோஸ்லின் மேடம். "இருநூறு மேடம்" என்றாள். மேடம் கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு எல்லாத் தண்டுக்கும் இருநூறு, எல்லா வருசமும் இருநூறு. குழாய் தீர்ந்த இடத்தில் வேரும் தீர்ந்துவிட்டதாக எழுதிவிட்டார்கள். எழுதியது அவள் கை.

சாயந்திரம் நிலையத்துக்குத் திரும்பி, பாட்டிலில் போட்டு வந்த வேரை நிவேதன் முன்னால் வைத்தாள். நிவேதன் இப்போதைய விஞ்ஞானி. அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். மனைவி ஒரு ஊர், இவன் ஒரு ஊர் என்று இரண்டு வருசமாகச் சரியான தூக்கம் இல்லாதவன். பாட்டிலை விளக்கில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"எத்தனை அடியில எடுத்தீங்க அக்கா?"

"இருபத்து நாலு."

"அடிக்கு முப்பதுன்னு வச்சா எழுநூத்தி இருபது சென்டிமீட்டர்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். நாற்காலியில் சாய்ந்தான். "வாழைத்தார் பழுக்கிறதுக்கு ஒரு வாயு வருமே, தெரியுமா?"

"எத்திலீன். இங்க பேசிக் கேட்டிருக்கேன்."

"அதேதான். வேரும் அதை விடும். மண்ணு பொலபொலன்னு இருந்தா அது கலைஞ்சு போயிடும். மண்ணு கெட்டியாச்சுன்னா போக வழியில்லாம வேரைச் சுத்தியே தேங்கும். தேங்கினா வேருக்கு அது ஒரு சேதி: போதும், நில்லு. கீழே வளைச்சு இழுத்துட்டுப் போறது ஆக்சின்-னு ஒரு ஹார்மோன், நிறுத்துறது இந்த எத்திலீன். நாம என்ன பண்ணினோம்? ஒரு மரபணுவை மாத்தி வேரைச் செங்குத்தா இறங்க வச்சோம். இன்னொண்ணை மாத்தி, நில்லுங்கிற சேதி அதோட காதுல விழாம பண்ணிட்டோம். கெட்டி மண்ணைக் கொஞ்சம் துளைக்கணும், ரெண்டு மீட்டர் போனாப் போதும்னுதான் கணக்கு."

"ரெண்டு மீட்டர்ல நிக்கும்னு யாரு சொன்னா?"

அவன் அவளைப் பார்த்தான். பாட்டிலை மேசை மேல் வைத்துவிட்டு, "முதல் வருசமே ஏழு மீட்டர் போயிருக்காது" என்றான். "செத்த வேர் விட்ட ஓட்டை வழியா அடுத்த வருசத்து வேர் இறங்கும். வருசம் வருசமா வழி போட்டுக்கிட்டே போயிருக்கு."

"சார், படிவத்துல இருநூறுன்னு எழுதினது நான். வேர் அறுந்திருந்தது. எனக்குத் தெரியும். சொல்லல."

"நானும் நாலு வருசமா அந்த இருநூறுக்குக் கீழே கையெழுத்துப் போடுறேன் அக்கா. எல்லா எண்ணும் ஒரே மாதிரி இருக்கேன்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணல." முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். "திங்கட்கிழமை இன்னும் மூணு மாவட்டத்துக்கு இந்த விதையைக் கொடுக்கிற கோப்பு விதைக் குழுவுக்குப் போகுது. இந்த வருசத்துப் படிவம் அதோட போகணும்."

"நாளைக்கு விசாரணையில நான் சொல்லப் போறேன்."

"சொன்னா சட்டம் என்னன்னு தெரியுமா? குடிதண்ணிக் கிணத்தை உறிஞ்சுற பயிர்னு பதிவாச்சுன்னா, நிக்கிற பயிரை அழிக்கணும். அன்னைக்கே. உங்க ஊர்ல பால் பிடிச்சு நிக்குது, இல்ல?"

"என் தம்பி பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி இல்ல சார்" என்றாள் பொன்மாரி.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேல்நிலைத் தொட்டி நிழலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். தண்ணி அதிகாரி, வெயிலில் ஒரே வாரத்தில் ஒன்பது ஊர் சுற்றிய களைப்பில், டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர் ஜெயசெல்வி. எதிரே ஊர் மொத்தமும். தவசி தனியாக ஒரு ஓரத்தில் நின்றான்; அவன் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

அதிகாரி காகிதத்தைப் பிரிக்கிறதற்குள் பொன்மாரி எழுந்துவிட்டாள். பாட்டிலை மேசை மேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கிணற்றுக்குள் இறங்கியது, மண் சட்டை, குழாய், மொட்டை வேர், தான் எழுதிய இருநூறு, எல்லாம். ஊர் இப்போது கத்தும், தன்னை அடிக்கக்கூட வரும் என்று நினைத்தாள்.

யாரும் கத்தவில்லை. ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்து தரையைக் கிளறினார்கள். ஜெயசெல்வி வேறெங்கோ பார்த்தாள். அப்போதுதான் பொன்மாரிக்கு உறைத்தது. அடப் பாவிகளா! தெரிந்திருக்கிறது. வருசா வருசம் கிணறு தூர் வாருகிறவர்கள் இவர்கள்தானே? கோதுமை வேரைத் தெரியாத கையா இது? தூர் வாரும்போது அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கருவேலம் என்று ஒருத்தர் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்றிருக்கிறார்கள்.

அதிகாரி பாட்டிலை உருட்டிப் பார்த்துவிட்டுத் தலைவரிடம் கேட்டார். "இந்தம்மா சொல்றது சரின்னா நான் இன்னைக்கே டிராக்டரை வரச் சொல்லணும். எத்தனை ஏக்கர் நிக்குது?"

"எண்ணூறு" என்றாள் ஜெயசெல்வி.

பிறகு ஓரத்திலிருந்து தவசி நடந்து வந்தான். வாய் பேசாதவன், சுவரைப் பார்த்து உட்காருகிறவன், மேசை முன்னால் வந்து நின்றான்.

"சார், எங்கக்கா என் மேல உள்ள பாசத்துல சொல்லுது. நான்தான் தண்ணி எடுத்தேன். போர்ல மோட்டாரை இறக்கி எடுத்தேன்."

"ஏலே தவசி!" என்று அலறினாள் பொன்மாரி. "ஆட்டுரலைத் தூக்கிப் பாருங்க சார், உப்புத் தண்ணி சார் அது!"

தவசி அவள் பக்கம் திரும்பவில்லை. அதிகாரிக்கு ஒரு பெருமூச்சு வந்தது. வேலை முடிந்தது என்கிற பெருமூச்சு. டிராக்டரும் வேண்டாம், எண்ணூறு ஏக்கரும் வேண்டாம், ஒரு கையெழுத்து போதும். பேனாவைத் திறந்தார்.

"போர் எத்தனை அடி?"

நூற்றிருபது. அது ஊருக்கே தெரியும். தவசி கொஞ்சம் யோசித்தான். அப்புறம் அக்காவை நேராகப் பார்த்தான்.

"இருநூறுன்னு எழுதிக்கிடுங்க."

அதிகாரி எழுதினார். அந்த எண் காகிதத்தில் இறங்குவதைப் பொன்மாரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய இருநூறும் இப்படித்தான் இறங்கியிருக்கும், இவ்வளவு லேசாக.

அதிகாரியின் வண்டி போன பிறகு தண்ணி லாரி வந்தது. கோமதி தன் குடத்தை வழக்கம்போலத் தள்ளி வைத்துவிட்டு நின்றாள். ஜெயசெல்வி போய் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் முதலில் வைத்தாள். அவரவர் குடத்தை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டார்கள்.

"உனக்கு என்னடா வந்தது?" என்று வீட்டில் வைத்துக் கேட்டாள் பொன்மாரி. அழுகை அடங்கவில்லை.

"என்னை என்ன செய்யச் சொல்லுத? எனக்கும் அதுல ஆறு ஏக்கர் நிக்குல்லா? என்னை ஒதுக்கி வச்சாகன்னு கோவம் இருந்துச்சு. ஆனா பிள்ளைகள்லாம் திரும்பி வந்துருக்காவ யக்கா. விடு. இந்த வெள்ளாமை வீடு சேரட்டும்."

"அடுத்த வருசம் இன்னும் கீழ போகும்டா. உப்பு ஊத்துல போயி நிக்கும்."

"அடுத்த வருசத்தை அடுத்த வருசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை, கடைசித் தண்டு. இருநூறு சென்டிமீட்டர் குழாய், அடியில் மொட்டை வேர். கையைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை எடுத்தாள். வேர் ஆழம் என்ற கட்டத்தில் 720 என்று அடித்தாள். சிவப்பாக ஒரு வரி வந்தது: 0 முதல் 200 வரை மட்டும். இன்னொரு தடவை அடித்தாள். அதே வரி. மெஷினுக்குக்கூட ரோஸ்லின் மேடத்தின் குழாய்தான் அளவு.

நிவேதன் வந்து எட்டிப் பார்த்தான். பிறகு அலமாரியிலிருந்து பழைய காகிதப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி, அவள் முன்னால் வைத்தான்.

"குழு கூடி ஆள் அனுப்பறதுக்குள்ள உங்க ஊர்ல அறுத்து முடிச்சிருவாங்க" என்றான். "ஆனா ஐப்பசியில விதை வராது. உங்களுக்கும் எனக்கும் வேலை இருக்குமான்னு தெரியாது. தம்பி பொய் சொன்னதும் வெளிய வரும்."

"தெரியும் சார்."

"பேசுவானா உங்ககிட்ட?"

"பேசமாட்டான்."

பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு எழுதினாள். குழாய் முடிந்தது. வேர் முடியவில்லை. அதற்குக் கீழே, வெள்ளைக்கரடு கிணற்றில் எழுநூற்றிருபது, நுனியோடு பார்த்தேன், பொன்மாரி. நிவேதன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, கோப்பின் மேலாக வைத்து எடுத்துக்கொண்டு போனான்.

போன் அடித்தது. கோமதி.

"மதினி, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு. இன்னைக்கும் நம்ம குடத்தைத்தான் முதல்ல வச்சாக! தலைவரம்மாவே தூக்கி வச்சாக. உங்க தம்பி இன்னைக்கு டீக்கடைக்குப் போயிருக்காரு மதினி, நாலு பேரோட உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காருன்னு சொல்லுதாக. ஐப்பசிக்கு இன்னும் ரெண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடிக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்காரு."

வராந்தாவில் நிவேதனின் செருப்புச் சத்தம் தபால் அறை வரைக்கும் போய் நின்றது.

"அப்படியா?" என்றாள் பொன்மாரி. "நல்லதும்மா." போனை வைத்துவிட்டு, தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கி, சேற்றுத் தண்ணீர் வடிகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.